சேர்த்த பணமும் சிரிப்பும்: ஹார்லெமிலிருந்து லாச்சப்பல் வரை

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி பிரெஞ்சுத் திரையரங்குகளில் 'லிட்டில் ஜஃப்னா' என்ற திரைப்படம் வெளியானது. பாரிஸ் நகரின் வடபகுதியில், தமிழர்கள் லாச்சப்பல் என்று அழைக்கும் கடைத்தெருவே அதன் கதைக்களம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்த லோரன்ஸ் வாலன் அப்படத்தை இயக்கி, முதன்மைப் பாத்திரத்திலும் நடித்திருந்தார். சென்னையிலிருந்து ராதிகா சரத்குமாரும் வேல ராமமூர்த்தியும் அழைக்கப்பட்டிருந்தனர். 2024ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் நிறைவுப் படமாக அது முன்னரே காட்டப்பட்டிருந்தது.

இலங்கைப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில் கதை நிகழ்கிறது. கடைக்காரர்களிடம் மிரட்டிப் பணம் பெற்று, அதைத் தாயகப் போராட்டத்துக்கு அனுப்பும் தமிழ்க் குழு ஒன்றினுள் தமிழ் இளைஞரான காவல்துறை அதிகாரி ஒருவர் ஊடுருவுகிறார். படத்தில் தமிழ் வணிக சினிமாவின் வண்ணமும் ஆட்டமும் உண்டு. ஆங்காங்கே கேலியும் உண்டு. எனினும் பணம் சேர்க்கும் விவகாரத்துக்கு வரும்போது படம் முகத்தை இறுக்கிக்கொள்கிறது. அங்கே இரத்தமும் துரோகமும் உண்டு, சிரிப்பு இல்லை.

ஏறக்குறைய இதே பொருளை எடுத்துக்கொண்டு, அதைச் சிரிப்பாகவே சொன்ன படம் ஒன்று 55 ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் வெளிவந்தது. தாயகம் திரும்பும் கனவின் பெயரால் ஏழைகளிடம் பணம் திரட்டுகிறார் ஒருவர். அந்தப் பணம் காணாமற்போகிறது. குற்றக் கும்பல்கள் அதைத் துரத்துகின்றன. அதே சமூகத்தைச் சேர்ந்த இரு காவலர்கள் எல்லோரையும் துரத்துகிறார்கள். 1970ஆம் ஆண்டு வெளியான 'காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்' என்ற அந்தப் படத்தின் நடிகர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர், இயக்குநரும் கறுப்பினத்தவர். அதன் மூலநாவலை எழுதியவரும் கறுப்பினத்தவரே. ஆனால் அவருடைய ஹார்லெம் கதைகள் உருவெடுத்த இடம் ஹார்லெம் அல்ல, பாரிஸ்.

செஸ்டர் ஹைம்ஸ் 1909ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். ஆயுதமேந்திய கொள்ளைக்காக 1928இல் ஓஹையோ சிறைக்குச் சென்றார். விதிக்கப்பட்ட தண்டனை குறைந்தது 20 ஆண்டுகள், எட்டாண்டுகளுக்குள் விடுவிக்கப்பட்டார். எழுதத் தொடங்கியதே சிறையில்தான். 1945இல் வெளியான அவரது முதல் நாவல், போர்க்காலக் கப்பல் கட்டும் தளத்தில் நிலவிய நிறவெறியைச் சீற்றத்துடன் சொன்னது. பின்னர் வந்த நூல்களை அமெரிக்க வெள்ளையரும் ஏற்கவில்லை, கறுப்பினப் படிப்பாளிகளில் பலரும் ஏற்கவில்லை. 1953இல் அவர் பிரான்சுக்குக் கப்பலேறினார். றிச்சர்ட் ரைட், ஜேம்ஸ் பால்ட்வின் ஆகியோர் அவருக்கு முன்னரே பாரிசில் குடியேறியிருந்தார்கள்.

1950களின் பிற்பாதியில் ஹைம்ஸ் பாரிசில் கைச்செலவுக்கும் பணமின்றி அலைந்துகொண்டிருந்தார். கலிமார் பதிப்பகத்தின் 'செரி நுவார்' என்ற துப்பறியும் நாவல் வரிசையை 1945 முதல் நடத்திவந்த மார்செல் துயமேல், ஹைம்சின் முதல் நாவலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர்களுள் ஒருவர். துப்பறியும் கதை ஒன்றை எழுதித் தருமாறு அவர் ஹைம்சிடம் கேட்டார், முன்பணமும் கொடுத்தார். தமக்கு அது வராது என்றே ஹைம்ஸ் முதலில் தயங்கினார். அப்படித் தொடங்கிய முதற்கதை 1958இல் 'லா ரேன் தே பொம்' என்ற பெயரில் பிரெஞ்சில் வெளிவந்து, அவ்வாண்டு பிரான்சின் துப்பறியும் இலக்கியப் பெரும் பரிசைப் பெற்றது.

அதன் தொடக்கக் காட்சி தமிழ் வாசகருக்குச் சற்றும் அந்நியமானதல்ல. பத்து டொலர் நோட்டை நூறு டொலர் நோட்டாக மாற்றித் தருவதாகச் சொல்லும் மோசடிக்காரனிடம், கையிலிருந்த சேமிப்பு முழுவதையும் ஓர் அப்பாவி ஒப்படைக்கிறான். நோட்டுகளை இரசாயனத் தாளில் சுற்றி அடுப்பில் வைக்கிறார்கள். அடுப்பு வெடிக்கிறது, பணம் போய்விடுகிறது. அந்த அப்பாவியின் இரட்டைச் சகோதரனோ கன்னியாஸ்திரி வேடம் பூண்டு, சொர்க்கத்துக்கு நுழைவுச்சீட்டு விற்றுப் பிழைப்பவன். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இரட்டிப்புப் பணம் என்ற தலைப்பில் இன்றும் வந்துகொண்டிருக்கும் அதே வித்தைதான்.

ஹைம்ஸ் ஹார்லெமில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அல்லர். தாம் எழுதிய ஹார்லெம் உண்மையான ஹார்லெம் என்று தாம் ஒருபோதும் சொல்லவில்லை என அவர் தமது சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளையரின் கையிலிருந்த அந்த இடத்தைத் தமது புத்தகங்களுக்குள்ளாவது பறித்துக்கொள்வதே நோக்கம் என்பது அவரது விளக்கம். சொந்த ஊரிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டர் விலகி இருந்தது அவருக்கு ஒரு சுதந்திரத்தைக் கொடுத்தது. அயலவர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் இன்றி, தம் மக்களில் ஏமாற்றுபவனையும் ஏமாறுபவனையும் அருகருகே நிறுத்தி அவரால் சிரிக்க முடிந்தது. புலம்பெயர்ந்த இடம் எல்லா எழுத்தாளருக்கும் இந்தச் சலுகையை வழங்குவதில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

சவக்குழி ஜோன்ஸ், சவப்பெட்டி எட் என்று பட்டப்பெயர் சூட்டப்பட்ட இரு கறுப்பினத் துப்பறிவாளர்கள் ஹைம்சின் ஹார்லெம் நாவல்களில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். அவற்றுள் ஒன்று 1964இல் 'ஆபிரிக்காவுக்குத் திரும்புதல்' என்ற பொருள்படும் தலைப்பில் பிரெஞ்சில் முதலில் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் வேறு பெயரில் வெளிவந்தது. ஒசி டேவிஸ் படமாக்கியது இந்த நாவலைத்தான்.

கதை சுருக்கமாக இதுதான். டீக் ஓமாலி என்ற போதகர் கறுப்பினத்தவரை ஆபிரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்போவதாகக் கூட்டம் கூட்டி, ஹார்லெமின் ஏழைக் குடும்பங்களிடம் 87,000 டொலர் திரட்டுகிறார். கூட்டத்தின் நடுவிலேயே முகமூடிக்காரர்கள் அந்தப் பணத்தைக் கொள்ளையடிக்கிறார்கள். தப்பிச்செல்லும் வழியில், பணம் மறைத்துவைக்கப்பட்ட பஞ்சுப் பொதி ஒன்று வாகனத்திலிருந்து விழுந்துவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவருக்குப் பஞ்சு என்பது அடிமைக் காலத்தின் மறுபெயர். ஹார்லெமின் நடுத்தெருவில் ஒரு பஞ்சுப் பொதி உருண்டு கிடப்பதே ஒரு பகிடி. குப்பை பொறுக்கி விற்கும் ஒரு கிழவர் அதைக் கண்டெடுக்கிறார். பணம் எங்கே என்று எல்லோரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருக்க, கடைசியில் தெரியவருவது இது: அந்தக் கிழவர் பணத்துடன் சத்தமின்றி ஆபிரிக்காவுக்கே போய்விட்டார். தாயகம் திரும்பும் திட்டத்தில் உண்மையில் தாயகம் திரும்பியவர் அவர் ஒருவர்தான். அந்தக் கிழவராக நடித்த ரெட் ஃபொக்ஸ், இரண்டாண்டுகள் கழித்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மீண்டும் பழைய பொருள் வியாபாரியாக நடித்து நாடறிந்த நடிகரானார் என்பது ஒரு துணைச்செய்தி.

இந்தக் கேலி எதைத் தொட்டது என்பதை அறிய மார்க்கஸ் கார்வியை நினைவுகூர வேண்டும். ஜமெய்க்காவில் பிறந்த கார்வி 1919இல் 'பிளாக் ஸ்டார் லைன்' என்ற கப்பல் நிறுவனத்தை ஹார்லெமைத் தளமாகக் கொண்டு தொடங்கினார். ஐந்து டொலருக்கு ஒரு பங்கு. சமையற்காரிகளும் ரயில் நிலையச் சுமைகூலிகளும் அப்பங்குகளை வாங்கினார்கள். வாங்கப்பட்ட கப்பல்கள் பழுதானவை, நிர்வாகம் குழறுபடியானது; நிறுவனம் சில ஆண்டுகளில் மூழ்கியது. 1923இல் தபால்வழி மோசடிக் குற்றத்துக்காகக் கார்வி தண்டிக்கப்பட்டார். 1927இல் நாடுகடத்தப்பட்டார். அவரை மோசடிக்காரர் என்றவர்களும் தீர்க்கதரிசி என்றவர்களும் அன்று ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வழக்கு அரசியல் நோக்கம் கொண்டது என்ற வாதம் நூறாண்டு நீடித்து, 2025 ஜனவரியில் அதிபர் பைடன் பதவி விலகும் தறுவாயில் கார்விக்கு இறப்பின் பின்னரான மன்னிப்பை வழங்கினார்.

இத்தகைய ஒரு புண்ணைத் தொட்டுச் சிரிக்க ஒசி டேவிசால் எவ்வாறு முடிந்தது? முதற்காரணம் அவர் யார் என்பது. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணியின் மேடையை நடத்தியவர்களில் டேவிசும் ஒருவர். 1965 பெப்ரவரியில் மல்கம் எக்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டு, அவரது இறுதிச் சடங்கை நடத்தவே பலர் அஞ்சிய வேளையில், இரங்கலுரை ஆற்றியவர் டேவிஸ். இனத்தின் மானத்தைச் சிரிப்புக்கு விற்றுவிட்டார் என்று அவரைப் பார்த்துச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. வெள்ளையர் முன்னிலையில் நம் அழுக்கைத் துவைக்கலாமா என்ற முணுமுணுப்பு எழாமலும் இல்லை.

இரண்டாவது காரணம் படத்தின் உள்ளேயே இருக்கிறது. அது பணம் கொடுத்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஆபிரிக்கா என்ற கனவு படத்தில் கேலிக்குரியதாக இல்லை. அந்தக் கனவுக்கு விலைச்சீட்டு ஒட்டிய போதகர்தான் கேலிக்குரியவர். இரு துப்பறிவாளர்களும் அவர்மீது கொள்ளும் கோபம் சட்டத்தின் கோபம் அன்று, ஊராரின் கோபம். இறுதியில் அவர்கள் செய்வதும் சட்டத்தில் எழுதப்படாத ஒன்று. மூலப்பணம் கிழவருடன் பறந்துவிட்டதால், வேறொரு குற்றவாளியைப் பிடித்து நெருக்கி, அதே 87,000 டொலரைக் கறந்து, கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வைக்கிறார்கள். பார்வையாளரின் சிரிப்புக்கு அடியில் ஒரு கணக்கு முடிகிறது. அந்தக் கணக்கு முடியாவிட்டால் அது வெறும் கோமாளிக் கூத்தாகவே இருந்திருக்கும்.

படம் வணிக ரீதியில் வென்றது. 1972இல் அதன் தொடர்ச்சியும் வந்தது. ஹைம்சின் பரிசுபெற்ற முதல் துப்பறியும் கதையை 'எ ரேஜ் இன் ஹார்லெம்' என்ற பெயரில் பில் டியூக் படமாக்க, அது 1991இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. பாரிசில் முன்பணத்துக்காக எழுதப்பட்ட கதை, படமாகி மீண்டும் பிரான்சுக்கே வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. அதற்கு முன்னரே, 1984இல், ஹைம்ஸ் ஸ்பெயினில் காலமாகிவிட்டார்.

ஒரே தெருவின் இரு முனைகள்

ஹைம்சை வரவேற்ற பிரான்ஸ், தன் சொந்தக் கறுப்பின மக்களின் சிரிப்புக்கு நெடுங்காலம் இடம் கொடுக்கவில்லை. 1986இல் தோமா ஜிலு இயக்கிய 'பிளாக் மிக்மாக்' ஒரு தொடக்கம். ஆபிரிக்கர்கள் குடியிருக்கும் பாழடைந்த கட்டடத்தை மூடவரும் சுகாதார அதிகாரியை மயக்குவதற்காக, அவர்கள் ஊரிலிருந்து ஒரு மந்திரவாதியை வரவழைக்கிறார்கள். மந்திரவாதியின் இடத்தில் ஓர் ஏமாற்றுக்காரன் வந்து நிற்கிறான். அந்த ஏமாற்றுக்காரனாக நடித்த இசாக் த பாங்கோலே மறு ஆண்டு நம்பிக்கைக்குரிய இளம் நடிகருக்கான சேசார் விருதைப் பெற்றார். ஆனால் இயக்குநர் வெள்ளையர். மூட்டை மூட்டையாக மாந்திரீகத்தைப் படத்தில் இறக்கிவைத்தது யாருடைய பார்வை என்ற கேள்வி அன்றும் எழுந்தது.

தாங்களே எழுதி இயக்கிய தலைமுறை வந்து வேரூன்ற இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. அவற்றுள் லாச்சப்பலுக்கு மிக அருகில் நிகழும் படம் 2017இல் மொடி பாரியும் செத்ரிக் இடோவும் இயக்கிய 'லா வீ த ஷாத்தோ'. மாளிகை வாழ்க்கை என்ற தலைப்பின் சிலேடை ஷாத்தோ தோ என்ற மெத்ரோ நிலையத்தைக் குறிக்கிறது. அந்த நிலைய வாசலில் நின்று, வருவோர் போவோரைக் கையைப் பிடித்து ஆபிரிக்க முடிதிருத்தகங்களுக்கு இழுக்கும் இளைஞர்களின் தலைவனே கதாநாயகன். வாடிக்கையாளரை இழுப்பதில் எல்லைச் சண்டை, கடை வாங்கும் கனவு, சொந்த ஆட்களே காலை வாருவது என்று அதன் நகைச்சுவை முழுவதும் தொழிலில் இருந்து பிறக்கிறது. முடிதிருத்தகங்கள் நிறைந்த அதே பகுதியில்தான் 2014இல் ஆவணங்களற்ற சிகையலங்காரத் தொழிலாளர்கள் செஜெதே தொழிற்சங்கத்தின் துணையுடன் வேலைநிறுத்தம் செய்து நாட்டின் கவனத்தை ஈர்த்தார்கள்.

ஷாத்தோ தோ பகுதியிலிருந்து ஃபோபூர் சென்தெனி தெருவில் வடக்கு நோக்கி நடந்தால், வடக்கு ரயில் நிலையத்தைக் கடந்து இருபது நிமிடத்துக்குள் லாச்சப்பல் வந்துவிடும். தெருவின் ஒரு முனையில் ஆபிரிக்கரின் முடிதிருத்தகங்கள். மறுமுனையில் தமிழரின் புடவைக்கடைகளும் மளிகைகளும். ஒரு முனையில் நகைச்சுவைப் படம் பிறந்தது; மறுமுனையில் துயரப்படம் பிறந்தது. இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

1983 ஜூலை வன்செயலுக்குப் பின்னர் பாரிஸ் வந்த தமிழர்கள், வாடகை குறைந்த இந்தப் பகுதியில் கையி தெருவிலும் பெர்தொனே தெருவிலும் முதற்கடைகளைத் திறந்தார்கள். அதே காலத்தில், லாச்சப்பல் மெத்ரோ நிலையத்துக்கு எதிரே உள்ள பூஃப் து நோர் அரங்கில் பீற்றர் புரூக் மகாபாரதத்தை மேடையேற்றினார். அதில் பீமனாக நடித்தவர் செனகல் நாட்டவர். பீஷ்மராக நடித்தவர் மேற்கு ஆபிரிக்கக் கதைசொல்லிகளின் மரபில் வந்த சொத்திகி குயாத்தே. உணவகங்களில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தமிழர் எத்தனைபேர் அந்த அரங்கினுள் நுழைந்திருப்பார்கள் என்பது வேறு விடயம்.

சிரிப்புக்கு விதிக்கப்பட்ட விலை

தாயகத்துக்கான நிதி லாச்சப்பலில் பல வடிவங்களில் திரட்டப்பட்டது. மனமுவந்து கொடுத்தவர்கள் ஏராளம். இழந்த உறவுகளுக்காக, ஊரிலுள்ள பெற்றோரின் பாதுகாப்புக்காக, இனத்துக்குச் செய்யவேண்டிய கடமை என்று எண்ணிக் கொடுத்தவர்களை அச்சத்தால் கொடுத்தவர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடுவது நேர்மையாகாது. அச்சத்தால் கொடுத்தவர்களும் உண்டு என்பதை மறைப்பதும் நேர்மையாகாது. மேற்குலகில் வாழும் தமிழரிடம் விடுதலைப்புலிகள் வற்புறுத்திப் பணம் பெறுவது குறித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2006 மார்ச்சில் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 2007 ஏப்ரலில் பாரிசிலும் சுற்றுப்புறங்களிலும் பிரெஞ்சுக் காவல்துறை தமிழர் பலரைக் கைதுசெய்தது. 2009 நவம்பரில், போர் முடிந்து ஆறு மாதங்களின் பின்னர், பாரிஸ் நீதிமன்றம் அவர்களில் பலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 'லிட்டில் ஜஃப்னா' தன் கதையைக் கட்டியிருப்பது இந்தப் பின்னணியின் மீதுதான்.

ஹைம்சுக்குப் பாரிஸ் கொடுத்த சுதந்திரத்தைத் தமிழ் எழுத்தாளருக்கு அதே பாரிஸ் கொடுக்கவில்லை. தமிழ்ப் போராட்டத்தின் வரலாற்றுச் சான்றுகளைத் தொகுத்துவந்த சபாலிங்கம் 1994 மே முதலாம் தேதி பாரிசில் சுட்டுக்கொல்லப்பட்டார். புலிகளே இதைச் செய்தனர் என்று பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 1996 அக்டோபரில் புலிகளின் நிதிப் பணியுடன் தொடர்புடைய நாதனும், பத்திரிகையாளரான கஜனும் பாரிசில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். போர் முடிந்து மூன்றாண்டுகளின் பின்னர், 2012 நவம்பரில், புலிகளின் பிரான்ஸ் பொறுப்பாளராக இருந்த பரிதி பாரிஸ் தெருவொன்றில் அதே முறையில் கொல்லப்பட்டார். துப்பாக்கி ஒரு பக்கத்தில் மாத்திரம் இருக்கவில்லை. எப்பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாத இடத்தில், பணம் எங்கே என்று ஒரு பாத்திரத்தை மேடையில் கேட்கவைத்துச் சிரிக்க யாரும் துணியமாட்டார்கள். அமெரிக்கத் தூதரகமும் உளவாளிகளும் தம்மைக் கண்காணிப்பதாகப் பாரிஸ் கறுப்பின எழுத்தாளர்கள் அன்று அஞ்சியது உண்மை. ஆனால் ஹார்லெமின் போதகர் எவரும் கடலைக் கடந்து வந்து ஹைம்சின் கதவைத் தட்டவில்லை.

ஈழத்தமிழருக்குச் சிரிக்கத் தெரியாது என்று எவரும் கருதினால் அது தவறு. இலங்கை வானொலியில் பெரும் புகழ்பெற்ற நாடகத் தொடரிலிருந்து பிறந்து 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்' திரைப்படம், மரிக்காராகவும் அப்புக்குட்டியாகவும் வந்த பாத்திரங்களின் பேச்சு வழக்கைக் கொண்டே ஒரு நாட்டின் இனக் கலவையைச் சிரிக்கவைத்தது. புலம்பெயர்ந்த பின்னர் அந்தச் சிரிப்பு கடைவாசலுக்கும் கொண்டாட்ட மண்டபத்துக்கும் இடம்பெயர்ந்தது. சீட்டுப் பிடித்துவிட்டு ஒருநாள் காலை தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்துபோன மனிதரைப் பற்றிய கதையைச் சொல்லாத லாச்சப்பல் தேநீர் மேசை இல்லை. எழுத்தில், பாரிசில் வாழும் ஷோபாசக்தி 2001இல் 'கொரில்லா' தொடங்கி இந்தக் கசப்பான நகையைத் துணிந்து கையாண்டுவருகிறார். ஆனால் அதே மனிதர் பிரெஞ்சுப் பார்வையாளருக்கு அறிமுகமானது சிரிக்காத முகத்துடன்தான்: ஷாக் ஓடியார் இயக்கி 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்ற 'தீபன்' படத்தின் முன்னாள் போராளியாக.

சினிமாவில் ஈழத்தமிழரை வைத்துச் சிரித்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தார்கள். 2000இல் கமல்ஹாசன் நடித்த 'தெனாலி'யில் போரின் அதிர்ச்சி எல்லாவற்றுக்கும் அஞ்சும் ஒரு மனிதனின் நகைச்சுவையாகியது. 2004இல் இலங்கையின் தேசியக் கைப்பந்தாட்ட அணி என்று சொல்லிக்கொண்டு ஜெர்மனிக்கு வந்த 23 பேர், சில ஆட்டங்களில் தோற்றுவிட்டு ஒரு காலையில் கூண்டோடு மறைந்தார்கள். இலங்கைக்கு அப்படி ஓர் அணியே இருக்கவில்லை. அதை 2008இல் 'மச்சான்' என்ற அருமையான குற்றநகைப் படமாக்கியவர் இத்தாலியரான உபேர்ட்டோ பசொலினி. 'லிட்டில் ஜஃப்னா' பிரான்சில் வெளியான மறுநாள், 2025 மே முதலாம் தேதி, தமிழ்நாட்டில் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வெளியானது. கள்ளத்தோணியில் வந்து சென்னையில் ஒளிந்து வாழும் ஈழத்துக் குடும்பத்தின் கதை. காவல்துறை அவர்களைத் தேடுகிறது. படம் முழுவதும் சிரிப்பும் கண்ணீரும். இளம் இயக்குநர் அபிஷன் ஜீவிந்தின் முதற்படமான அது பெருவெற்றி பெற்றது.

இந்தப் படங்களுக்கிடையே ஓர் ஒற்றுமை உண்டு. அவற்றில் ஏமாற்று நிகழும் இடத்தில் ஏமாற்றப்படுவது அரசும் குடிவரவு அதிகாரியும்தான். அத்தகைய ஏமாற்றைப் பார்த்துச் சிரிப்பது எவருக்கும் எளிது. பலமற்றவன் பலமுள்ளவனை வெல்கிறான். 'காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்' செய்தது அதைவிடக் கடினமான காரியம். தம்மவரே தம்மவரை, தாயகம் என்ற மிகப் புனிதமான சொல்லை வைத்து ஏமாற்றுவதை அது எடுத்துக்கொண்டது. அந்தப் படத்துக்கு நிகரான ஒன்று தமிழில் இல்லை.

லோரன்ஸ் வாலனைக் குறைகூற இங்கு இடமில்லை. 2017இல் இதே பெயரில் குறும்படம் எடுத்ததிலிருந்து எட்டாண்டுகள் உழைத்து, தமிழ் பேசும் ஒரு முழுநீளப் படத்தைப் பிரெஞ்சுத் தயாரிப்பு முறைக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். பிரெஞ்சுத் தயாரிப்பாளருக்குத் தெரிந்த தமிழர், நடைபாதையில் ரோஜா விற்பவர் அல்லது 'தீபன்'. அந்த இரண்டுக்கும் அப்பால் ஒரு கதைக்குப் பணம் திரட்ட வேண்டுமானால் குற்றக்குழு, ஊடுருவல், துப்பாக்கி என்ற தெரிந்த சட்டகம் உதவுகிறது. கறுப்பின நடிகர்களும் இதே வாசல் வழியாகத்தான் நுழைய நேர்ந்தது. 2020 சேசார் விழா மேடையில் நடிகை அய்சா மாய்கா அரங்கிலிருந்த கறுப்பினத்தவரை ஒவ்வொருவராக எண்ணிக் காட்டியது பலரைச் சங்கடப்படுத்தியது. இனவாரிக் கணக்கெடுப்பை அரசியலமைப்பு மன்றம் 2007இல் நிராகரித்த நாட்டில், எண்ணுவதற்கு வேறு வழி இருக்கவில்லை.

மற்றொரு தடையும் உண்டு, அது தயாரிப்பாளரிடம் இல்லை. ஹார்லெமில் கார்வியின் கணக்கு நீதிமன்றத்தில் பகிரங்கமாக விசாரிக்கப்பட்டு, பத்திரிகைகளில் அலசப்பட்டு, ஏறக்குறைய ஐம்பதாண்டு கழிந்த பின்னரே டேவிஸ் சிரித்தார். லாச்சப்பலின் கணக்கை நீதிமன்றம் பயங்கரவாத நிதி என்ற ஒரு தலைப்பில் மாத்திரமே விசாரித்தது. கொடுத்தவரின் பார்வையில் அது விசாரிக்கப்படவே இல்லை. 2009 மே மாதத்தில் கையில் இருந்தது எவ்வளவு, அது யார் பெயரில் இருந்தது, இப்போது எங்கே என்ற கேள்விகள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேநீர் மேசைகளில் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகின்றன. கேட்பவரைத் துரோகி என்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை முன்வைத்து, இறந்தவர்களின் தியாகத்தையே ஏளனம் செய்யக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்புக்கும் நடுவில் நின்று, கொடுத்தவரின் மானத்தைக் காத்துக்கொண்டு, எடுத்தவரை மட்டும் பார்த்துச் சிரிக்கும் ஒரு திரைக்கதை எழுதப்பட வேண்டும். அதை எழுதுபவருக்கு டேவிசுக்கு இருந்ததைப் போன்ற ஒரு தகுதியை அச்சமூகம் வழங்கியிருக்க வேண்டும்.

லாச்சப்பலில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தலைமுறை அதற்கு நெருக்கமாக இருக்கிறது. துப்பாக்கியின் நிழல் அவர்கள்மீது தம் பெற்றோர்மீது விழுந்த அளவுக்கு விழவில்லை. ஆனால் கதைக்குத் தேவையான நுணுக்கங்கள் அவர்களிடம் இல்லை: மாலை வேளையில் வீட்டு மணியை அடித்தவர் எப்படிப் பேசினார், தேநீர் ஊற்றிக் கொடுக்கப்பட்டதா, இல்லை என்று சொல்ல எத்தகைய சாக்குகள் கண்டுபிடிக்கப்பட்டன, வங்கிக் கடன் எடுத்துக் கொடுத்தவர் அதை மனைவியிடம் எப்படிச் சொன்னார். இவை தெரிந்தவர்கள் 1980களிலும் 1990களிலும் வந்து, பாத்திரம் கழுவிய சம்பளத்தில் பங்கு கொடுத்து, பற்றுச்சீட்டைக் கடவுச்சீட்டுடன் சேர்த்து மடித்து வைத்தவர்கள். அவர்கள் இன்று ஓய்வூதிய வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.